தலவாக்கலையில் ஒரு பழைய மேசைக்கு எந்தப் பூச்சு?

மலைநாட்டுத் தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தோட்டத்து ஒபீஸில் கிளாக்கராக இருந்த அவருடைய தாத்தா பாவித்த பலாமர மேசை வீட்டில் கிடந்திருக்கிறது. பழைய பூச்சைக் கழற்றி, அரத்தாளால் தேய்த்து, ஹார்ட்வெயார் கடையில் தந்த, மரத்துளையை அடைக்கும் சீலரையும் மேலே அடிக்கும் லெக்கர் பூச்சையும் ஜூலை மாதத்தில் ஒரு பின்னேரம் அடித்தாராம். அடித்து முடித்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. விடிந்து பார்த்தால் மேசை முழுக்கப் பால் ஊற்றியது போல வெள்ளைப் படலம். "எந்தக் கொம்பனி வார்னிஷ் நல்லது, எத்தனை கோட் அடிக்க வேண்டும், மேசையில் இருக்கும் தாத்தாவின் மைக்கறையை எடுக்கவா விடவா" என்று கேட்கிறார். கேள்வி கொம்பனியைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அவர் உண்மையில் கேட்பது வேறு: சொன்னபடி எல்லாம் செய்தும் ஏன் நிற்கவில்லை, இனி எதை எப்போது போட்டால் நிற்கும்?

நான் தொழில் பழகியது கடலோரத்து மொரட்டுவையில். அதன் பிறகு 27 வருடமாக பண்டாரவளையிலும் நுவரெலியாவிலும் பழைய தளபாடம் திருத்துகிறேன். மொரட்டுவையில் கற்ற முறையை அப்படியே நுவரெலியாவுக்குக் கொண்டுவந்த முதல் வருடம் நானும் இதே வெள்ளைப் படலத்தைப் பார்த்தேன். ஒரு பங்களாவின் சாப்பாட்டு மேசை, பத்துப் பேர் உட்காரக்கூடியது. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு, மணம் போகட்டும் என்று யன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போனேன். இரவு மூடுபனி உள்ளே வந்துவிட்டது. அந்த மேசையை முழுதாகக் கழற்றி, கூலி வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தேன். பூச்சு கெட்டதற்குக் காரணம் டின்னில் இல்லை, நான் வேலை செய்த நேரத்தில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. தம்பியின் மேசைக்கும் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கிறது.

நடந்தது இதுதான். நைட்ரோ செல்லுலோஸ் லெக்கர், அரக்குப் பொலிஷ் இரண்டுமே அவற்றில் கலந்த தின்னரோ ஸ்பிரிட்டோ ஆவியாகிப் போவதால் காய்பவை. திரவம் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கையில் ஸ்பிரிட் பட்டால் குளிர்வது அதனால்தான். அப்படிக் குளிர்ந்த பரப்பில், ஐஸ் தண்ணிப் போத்தலின் வெளிப்பக்கம் வேர்ப்பது போல, காற்றிலிருக்கும் ஈரம் நீராகப் படியும். அந்த நீர் இன்னும் காயாத படலத்துக்குள் சிக்கினால் உள்ளே கரைந்திருக்கும் பிசின் பிரிந்து வெளிறிவிடும். மொரட்டுவையில் 30 பாகை வெப்பம், 70 சதவீத சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈர அளவு, என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மேசையின் மேற்பரப்பு ஆறு பாகை அளவு குளிர்ந்தால்தான் நீர் படியத் தொடங்கும். தலவாக்கலையில் மழைக்காலப் பின்னேரத்தில் 18 பாகை, 90 சதவீதம் என்றால் இரண்டு பாகைகூடக் குளிரத் தேவையில்லை. தின்னர் ஆவியாகத் தொடங்கினாலே அந்த இரண்டு பாகை போய்விடும். தீந்தை வேலைக்காரர்கள் உலகம் முழுக்கப் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு: பூசும் பரப்பு, பனி படியத் தொடங்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது மூன்று பாகை சூடாக இருக்க வேண்டும். மலையில் ஜூலை மாதத்துப் பின்னேரத்தில் அந்த மூன்று பாகை கிடைக்காது.

இருந்தாலும் மேசையை நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வெள்ளை வேறு வழிகளிலும் வரும். அடித்த சில மணித்தியாலத்துக்குள் பரப்பு முழுக்க ஒரே சீராக வந்தது என்றால் மேலே சொன்ன காற்றின் ஈரம்தான். சில நாள் கழித்துத் திட்டுத் திட்டாக வந்தால் மரத்துக்குள்ளேயே ஈரம் இருந்து அது மேலே ஏற முடியாமல் நிற்கிறது. மரத்தின் ரேகைக் குழிகளில் மட்டும் வெள்ளைக் கோடுகளாகத் தெரிந்தால், ஓட்டை அடைக்கப் பூசிய மக்கோ, பழைய பூச்சைக் கழற்றும் திரவத்தில் இருந்த மெழுகோ மிஞ்சியிருக்கிறது. அந்தத் திரவங்களில் மெழுகு கலந்திருக்கும், அதைத் தின்னரால் நன்றாகத் துடைத்தெடுக்காவிட்டால் மேலே எது அடித்தாலும் ஒட்டாது. பூச்சு வெளிறாமல் சின்னச் சின்ன வட்டக் குழிகளாக விலகி நின்றால் அது சிலிக்கன் கலந்த தளபாட ஸ்பிரே பழைய காலத்தில் அடித்ததன் மிச்சம். தம்பி சொன்னது "விடிந்தபோது, முழுக்க" என்பதால் முதல் காரணத்தையே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது இருக்கும் வெள்ளையை என்ன செய்வது? மேசையின் கால்களிலும் லாச்சிகளின் முகப்பிலும் இருப்பதைக் கழற்ற வேண்டியதில்லை. நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாள் முற்பகலில், மரமும் வீடும் சூடேறிய பிறகு, மெதுவாக ஆவியாகும் ரிட்டாடர் என்ற திரவத்தைத் தின்னருடன் கலந்து மிக மெல்லிசாக ஸ்பிரே பண்ணினால் படலம் இளகி, சிக்கிய நீர் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். ஸ்பிரே இல்லாதவர்கள் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டாம், லெக்கர் படலம் துணியோடு இழுபடும். அதற்குப் பதில் 600 இலக்க அரத்தாளில் மெல்லத் தேய்த்து மெழுகு பூசிப் பாருங்கள். வெள்ளை மேல்தோலில் மட்டும் இருந்தால் அதிலேயே போகும். ஆனால் மேசையின் மேற்பலகையை நான் முழுதாகக் கழற்றச் சொல்வேன். அதற்குக் காரணம் வெள்ளை அல்ல. தேத்தண்ணிக் கோப்பை வைக்கும், பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு நைட்ரோ செல்லுலோஸ் லெக்கர் போதாது. அந்தச் சீலரின் மேல் அதைவிடப் பலமான பொலியூரித்தேன் வார்னிஷை அடிக்கவும் முடியாது. தேய்க்க இலகுவாக இருப்பதற்காகச் சீலரில் சேர்க்கும் பொருள் சவர்க்காரம் போன்றது, அதன்மேல் பொலியூரித்தேன் பிடிக்காமல் உரியும். லெக்கர் தின்னரை ஊற்றிய துணியை ஐந்து நிமிடம் மூடிவைத்தால் லெக்கரும் சீலரும் கரைந்து வந்துவிடும், சுரண்டத் தேவையில்லை.

இதே வேலையைத் தொடங்கப்போகும் மற்றவர்களுக்கு ஒன்று: பழைய பூச்சு என்னவென்று தெரியாமல் கழற்றத் தொடங்காதீர்கள். கண்ணுக்குப் படாத மூலையில் ஒரு துளி ஸ்பிரிட் விடுங்கள். ஒட்டினால் அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லெக்கர் தின்னருக்குக் கரைந்தால் லெக்கர். இரண்டுக்கும் கரையாமல் நின்றாலோ, தோலாகச் சுருங்கினாலோ எண்ணெய் வார்னிஷ் அல்லது பொலியூரித்தேன். பழைய பங்களாச் சாமான்களில் நிறப் பெயின்ட் அடித்திருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தேய்க்கவே வேண்டாம். கோஸ்டிக் சோடா போட்டுக் கழற்றுவோரும் உண்டு. அது பலாவையும் தேக்கையும் கறுப்பாக்கும். மரத்துக்குள் நின்றுவிட்டால் பின்னால் போடும் பூச்சையும் கெடுக்கும். அப்படிச் செய்துவிட்டீர்கள் என்றால் வினாகிரி கலந்த தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் கழுவி, வாரக்கணக்கில் காயவிடுவதைத் தவிர வழியில்லை.

காலத்தைப் பற்றி நான் மலைநாட்டுக்காரர்களிடம் எப்போதும் சொல்வது ஒன்றுதான். உங்கள் பக்கத்தில் நல்ல தேயிலை வரும் மாதங்களில் பூச்சு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். தலவாக்கலை, ஹட்டன், டிம்புள்ள பக்கத்துக்கு அது ஜனவரி முதல் மார்ச் வரை. பண்டாரவளை, பதுளை, ஊவாப் பக்கத்துக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை. தேயிலைக்கு மணம் ஏற்றும் அதே காய்ந்த காற்றும் தெளிந்த பகலும்தான் நமக்கும் தேவை. ஒரே ஜூலை மாதத்தில் தலவாக்கலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், மலைக்கு அந்தப் பக்கம் பண்டாரவளையில் மண் வெடித்துக் கிடக்கும். அதனால் பண்டாரவளை நண்பர் சொன்ன நாளும் நேரமும் தலவாக்கலைக்குப் பொருந்தாது. தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை செய்தவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கேளுங்கள். அங்கே ஈரக்குமிழ், உலர்குமிழ் என்று இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் கொழுந்து வாட்டுவார்கள். வித்தியாசம் குறைந்தால் காற்று நிறைய ஈரம் என்று அர்த்தம். அன்றைக்குக் கொழுந்தும் வாடாது, வார்னிஷும் காயாது. இப்போது கையளவு இலத்திரனியல் ஈரமானிகள் கிடைக்கின்றன. ஒன்று வாங்கி மேசைக்குப் பக்கத்தில் வையுங்கள். 75 சதவீதத்துக்குக் கீழே நின்றால் தாராளமாகச் செய்யலாம். 85ஐத் தாண்டினால் டின்னைத் திறக்காதீர்கள்.

நாளுக்குள்ளும் நேரம் இருக்கிறது. காலை பத்து மணிக்கு முன் மரம் இரவுக் குளிரில் இருக்கும். மூன்று மணிக்குப் பின் மூடுபனி இறங்கலாம். பத்திலிருந்து ஒரு மணிக்குள் அடித்து முடிக்க வேண்டும். மேசையையும் டின்னையும் முதல் நாளே ஒரே அறையில் வைத்துவிடுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து மேசையை நேரே வெயிலுக்குக் கொண்டுபோய் அடித்தால், மரத்துளைகளுக்குள் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து பூச்சில் குமிழியாக எழும். வெயில் காட்டவேண்டுமென்றால் முதலில் காட்டி, நிழலுக்குக் கொண்டுவந்து, பிறகு அடியுங்கள்.

மரம் காய்ந்ததா என்பது அடுத்த விஷயம், இதைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. மரம் சுற்றியிருக்கும் காற்றோடு ஈரத்தைப் பங்குபோட்டுக்கொண்டே இருக்கும். சாரீரப்பதன் 65 சதவீதமாக நெடுநாள் நிற்கும் இடத்தில் மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த நிறையில் 12 சதவீதமளவில் நிற்கும். 80 சதவீதமாக நிற்கும் இடத்தில் 16. மழைக்காலத்து லயக் காம்பறாவில், தகரக் கூரைக்குக் கீழே, சோற்றுப்பானை ஆவியும் சேர்ந்தால் அதற்கும் மேலே போகும். ஈரமானி மரத்துக்கென்று தனியாக விற்கிறது, ஆனால் அது இல்லாமலும் பார்க்கலாம். மேசையின் ஒரு லாச்சியைக் கழற்றி, சமையலறைத் தராசில் நிறுத்து, நிறையை எழுதிவையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்ப நிறுங்கள். நிறை குறைந்துகொண்டே போனால் மரம் இன்னும் ஈரத்தை விடுகிறது. தொடர்ந்து மூன்று தடவை ஒரே நிறை காட்டினால் அது அந்த அறையோடு சமமாகிவிட்டது, பூச்சுக்குத் தயார். மேற்பலகை லாச்சியைவிடத் தடிப்பு என்பதால் இன்னும் ஒரு வாரம் கூடக் கொடுங்கள்.

எதைப் போடுவது? எல்லாவற்றுக்கும் ஒரே பூச்சு என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அலுமாரி, முகம் பார்க்கும் கண்ணாடி மேசை, சுவாமிப் படத் தட்டு போல தண்ணீரும் சூடும் படாத சாமான்களுக்கு அரக்குப் பொலிஷை மிஞ்ச ஒன்றுமில்லை. பலாவின் மஞ்சளை உள்ளிருந்து விளக்கேற்றியது போலக் காட்டும், பத்து வருடம் கழித்துக் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தில் மட்டும் ஸ்பிரிட் தொட்டுச் சரிபண்ணலாம். லீற்றருக்கு 240 கிராம் அரக்குச் செதில் என்பது நடுத்தரமான கலவை. முதல் தடவைக்கு அதில் பாதிச் செறிவு போதும். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் நம்பத் தகுந்ததல்ல. கண்ணாடியில் ஒரு துளி விட்டு மறுநாள் நகத்தால் கீறிப் பாருங்கள், பிசுபிசுத்தால் வெளியே கொட்டிவிட வேண்டியதுதான். திறந்துவைத்த ஸ்பிரிட் காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும், நம் ஊரில் சீக்கிரமாகவே இழுக்கும். பாதி டின் ஸ்பிரிட்டை வருடக்கணக்கில் வைத்திருந்து, பிறகு பொலிஷ் வெளிறுகிறது என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அரக்கு, சூட்டுக்கும் மதுவுக்கும் தாங்காது. சூடான பிளேன்டிக் கோப்பை ஒரு தரம் வைத்தால் வட்டம் விழும். அதனால் தம்பியின் மேசைப் பலகைக்கு அது வேண்டாம்.

ஆளி விதை எண்ணெயைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். பூசுவதற்கு இலகு, பார்வைக்கு அழகு, உண்மை. ஆனால் காய்ச்சாத பச்சை எண்ணெய் எங்கள் குளிரில் வாரக்கணக்கில் காயாமல் நிற்கும். அதற்குள் பூஞ்சணம் பிடித்துக் கறுப்புப் புள்ளி விழுந்த கதிரைகளை நுவரெலியாவில் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். காய்ச்சிய எண்ணெய் என்று விற்பதில் விரைவாகக் காய உதவும் உலோக உப்புகள் இருப்பதால் அது பரவாயில்லை. ஆனாலும் தண்ணீரைத் தடுக்கும் பலம் குறைவு. தேன்மெழுகு தனியாக ஒரு பாதுகாப்பே இல்லை, அது மற்றப் பூச்சுக்கு மேல் போடும் மெருகு. இறுகவைக்கும் ஹாட்னர் கலந்து அடிக்கும் இரண்டு டின் பொலியூரித்தேன் மிகப் பலமானது, கடைகளில் விற்கும் புதுத் தளபாடங்களில் நிறையப் பாவிக்கிறார்கள். அதை வீட்டில் அடிக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதிலிருக்கும் ஐசோசயனேற்று மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும், ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பினால் பிறகு சிறு அளவுக்கும் மூச்சு முட்டும். போதாததற்கு அது ஈரத்தோடு சேர்ந்து காபனீரொட்சைட்டு வாயுவை உண்டாக்கும், படலத்தில் நுண்குமிழிகள் நிற்கும். தண்ணீரில் கலந்த பொலியூரித்தேனுக்கு மணம் குறைவு, மஞ்சளாகாது. ஆனால் அதன் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டுவதற்குச் சூடு வேண்டும், தண்ணீர் போவதற்குக் காய்ந்த காற்று வேண்டும். மார்கழிக் குளிரில் நுவரெலியாவில் இரண்டுமே கிடையாது.

ஆகவே தம்பிக்கு என் பதில்: எண்ணெய் சார்ந்த, ஒரே டின்னில் வரும் பொலியூரித்தேன் வார்னிஷ், மினுமினுப்புக் குறைந்த சற்றின் வகை. இது ஆவியாவதால் மட்டும் காய்வதில்லை, காற்றிலிருக்கும் ஒட்சிசனைச் சேர்த்து இறுகுகிறது. மெதுவாக ஆவியாகும் தின்னர் என்பதால் பரப்பு திடீரெனக் குளிராது, லெக்கர் போல வெளிறுவது அரிது. எந்தக் கொம்பனி என்பதில் பெரிய வித்தியாசத்தை நான் கண்டதில்லை. அடைத்த டின்னாக இருக்க வேண்டும், குலுக்கக் கூடாது, அடியில் படிந்திருப்பதைக் கிளறிக் கலக்க வேண்டும். குலுக்கினால் குமிழி நிற்கும்.

அடிக்கும் முறை. மேற்பலகையை 120, 180, 220 என்று வரிசையாகத் தேய்த்து, தூசைத் துடையுங்கள். 220க்கு மேல் போகாதீர்கள், வழுவழுப்பில் வார்னிஷ் பிடிமானம் இழக்கும். முதல் கோட்டில் வார்னிஷும் அதற்குரிய தின்னரும் சரிபாதி. பஞ்சுபோகாத பருத்தித் துணியில் தொட்டுத் துடைப்பது போலப் பூசுங்கள், பிரஷ் வேண்டாம். துணியில் பூசினால் மெல்லிசாக வரும், மெல்லிசானது எங்கள் குளிரிலும் காயும், தூசு ஒட்டும் நேரமும் குறைவு. பிரஷால் தடிப்பாக இரண்டு கோட் அடிப்பதைவிட துணியால் ஐந்து கோட் நல்லது. டின்னில் "எட்டு மணித்தியாலத்தில் அடுத்த கோட்" என்று போட்டிருக்கும். அது 25 பாகை அளவில் சோதித்த கணக்கு. பத்துப் பாகை குறைந்தால் இறுகும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது வேலைக்காரர்களின் பொதுக்கணக்கு. இரவில் 12 பாகைக்கு இறங்கும் வீட்டில் ஒரு முழு நாளாவது, மழை என்றால் இரண்டு நாளாவது விடுங்கள். காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்ப்பது போதாது. 320 அரத்தாளால் ஒரு மூலையில் மெல்லத் தேயுங்கள். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அடுத்த கோட் போடலாம், தாளில் உருண்டு ஒட்டினால் இன்னொரு நாள். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த பழைய சாமான் என்றால், பூச்சி வராமலிருக்க அப்படிச் செய்வது நம் வீடுகளில் வழக்கம்தானே, காய்வது இன்னும் பிந்தும். அப்படிப்பட்ட மரத்துக்கும், சிலிக்கன் சந்தேகம் உள்ள மரத்துக்கும், முதலில் மெழுகு நீக்கிய அரக்கை ஒரு மெல்லிய கோட் போட்டுப் பூட்டிவிட்டு வார்னிஷுக்குப் போங்கள். மெழுகுள்ள சாதாரண அரக்கின் மேல் பொலியூரித்தேன் நிற்காது, அதைக் கவனியுங்கள். தேக்கு என்றால் அதன் சொந்த எண்ணெயே தடுக்கும், பூசுவதற்கு முன் தின்னரால் துடைத்துக்கொள்ள வேண்டும்.

மேற்பலகையின் அடிப்பக்கத்தை மறக்காதீர்கள். மேலே ஐந்து கோட்டும் கீழே வெறும் மரமும் என்றால் ஈரம் கீழ்ப்பக்கமாக மட்டும் போய் வரும், பலகை வளையும். அடியிலும் இரண்டு மூன்று கோட் போடுங்கள். மரத்தைத் துளைத்துப் பொடி கொட்டவைக்கும் பூச்சி முட்டையிடுவதும் பூச்சில்லாத அந்தக் கீழ்ப்பக்கத்திலும் லாச்சியின் உள்ளேயும்தான். பூச்சு புதிதாக முட்டையிடுவதைத் தடுக்கும், ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கொல்லாது. புதிய பொடி விழுகிறதா என்று கறுப்புக் கடதாசி ஒன்றைக் கீழே விரித்து இரண்டு வாரம் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எந்தப் பூச்சும் ஈரம் போய்வருவதை நிறுத்துவதில்லை, மெதுவாக்க மட்டும் செய்கிறது. கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளைகள் தாத்தா மேசையை ஏசி அறைக்குக் கொண்டுபோய், ஒரு வருடத்தில் பலகை பிளந்துவிட்டது என்று வருவார்கள். அங்கே மரத்தின் ஈரம் ஒன்பது பத்துக்கு இறங்கும், பலகை அகலத்தில் சுருங்கியே ஆகும். ஆணியால் இறுக்கியிருந்தால் வெடிக்கும். திருகாணித் துளைகளை நீள்துளையாக்கி விட்டால் பலகை அசைய இடம் இருக்கும்.

இனிச் சொல்வதை தயவுசெய்து வேகமாகக் கடந்து போகாதீர்கள். காயவில்லையே என்று மேசையை அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள். குளிர்காலத்தில் எல்லோருக்கும் தோன்றும் யோசனை அது. தின்னரின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு ஊர்ந்து அடுப்புக் கங்குவரை போகும். டின்னைச் சூடாக்க வேண்டுமென்றால் மூடியைத் தளர்த்தி, கைபொறுக்கும் சுடுதண்ணிப் பேசினில் வையுங்கள், அதுவும் அடுப்பில்லாத அறையில். அதைவிட ஆபத்து எண்ணெயும் வார்னிஷும் துடைத்த துணி. அது காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூட்டை வெளியிடும். விரித்துப்போட்டால் சூடு பறந்துவிடும். கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் உள்ளே சேர்ந்து, நெருப்பே காட்டாமல், சில மணித்தியாலத்தில் தானாகப் பற்றும். ஒரே கூரையில் பத்துப் பன்னிரண்டு காம்பறா வரிசையாக இருக்கும் இடத்தில் ஒரு காம்பறாவில் பற்றினால் என்ன ஆகும் என்று மலையகத்தில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்த உடனே துணியைத் தண்ணீர் வாளியில் அமுக்குங்கள். பிறகு வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவைத்து எறியுங்கள்.

கடைசிக் கோட் முடிந்ததும் மேசை பாவனைக்கு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 25 பாகையில் ஒரு மாதம் இறுகும் வார்னிஷ், தலவாக்கலையில் ஒன்றரை மாதம் எடுக்கும். மூக்கை வைத்துப் பாருங்கள், தின்னர் வாசம் இருக்கும்வரை உள்ளே வேலை நடக்கிறது. அதுவரை கோப்பையின் கீழே தட்டு வையுங்கள், நனைந்த துணியை மேலே விட்டுவைக்காதீர்கள். பிளாஸ்டிக் மேசைவிரிப்பை எப்போதுமே போடாதீர்கள். அதை மிருதுவாக்கச் சேர்த்த எண்ணெய்கள் பூச்சுக்குள் இறங்கி, விரிப்பின் பூவேலை மேசையில் பதிந்துவிடும். அரக்கிலும் லெக்கரிலும் இது இன்னும் மோசம்.

கடைசியாக மைக்கறை. பூச்சு மேலே வந்தபின் அதைத் தொட முடியாது, ஆகவே இப்போதே முடிவெடுக்க வேண்டும். கறுப்பாக, மரத்துக்குள் ஊறியது போல இருந்தால் அது பழைய இரும்பு மை, ஒக்சாலிக் அமிலக் கரைசலில் வெளுக்கும். அது நஞ்சு, கையுறையும் காற்றோட்டமும் வேண்டும், காய்ந்தபின் படியும் வெள்ளைத் தூளை நனைத்துக் கழுவியெடுக்க வேண்டும், உலர்வாகத் தேய்த்து மூச்சில் இழுக்கக் கூடாது. நீல மை என்றால் அமிலத்துக்கு அசையாது, குளோரின் கலந்த வெளுப்புத் திரவம்தான் வேண்டும். இரண்டிலும் அந்த இடம் சுற்றியுள்ள பலாவைவிட வெளிறி நிற்கும், வெளிச்சம் பட்டுப் பட்டு நிறம் ஒன்றுசேர ஒன்றிரண்டு வருடம் ஆகலாம். கறை எங்கே இருக்கிறது என்று தம்பி எழுதவில்லை. வலது கைப்பக்கம், மைக்கூடு இருந்திருக்கக்கூடிய இடத்தில் என்றால், நானாக இருந்தால் எடுக்க மாட்டேன். 220 அரத்தாளை அந்த இடத்தில் மெல்ல ஓட்டிவிட்டு, அதன் மேலேயே முதல் கோட்டைப் போடுவேன். ஜனவரியில் தொடங்குங்கள் தம்பி, அதற்குள் லாச்சியின் நிறையைப் பார்த்துக்கொண்டிருங்கள்.